லிட்டருக்கு எத்தனை

பள்ளிக்கூட வேனாக இருந்த காலத்தில்
இதற்கு நாற்பதுக்கு மேல் ஓடத் தெரியாது.
ஏலத்தில் எடுத்த மறுநாளே
வேகத்தைக் கட்டிப்போடும் அந்தப் பெட்டியை
ஒச்சப்பன் கழற்றிப் பழைய இரும்புக்குப் போட்டான்.
இடம் காலியாக இருக்கவே
அங்கே நான் உட்கார்ந்திருக்கிறேன்.

கட்டில், அடுப்பு, அறுபது லிட்டர் தண்ணீர்த் தொட்டி,
கூரைமேல் திமில்போல் ஒரு ஏசி.
எடைமேடையில் மூன்றே கால் டன்.
மூக்கு இல்லாத வீடு.
காற்றை விலக்கிப் போகத் தெரியாது,
நெஞ்சால் முட்டித்தான் போகும்.

முள்ளை நம்ப முடியாது, நடுங்கும்.
எனக்குச் சமையல்கட்டு சொல்லும்.
ஐம்பத்தைந்தில் பாத்திரங்கள் தூங்கும்.
எழுபதில் டம்ளர்கள் முணுமுணுக்கும்.
எண்பதைத் தொட்டால்
அடுப்பே இல்லாமல்
குக்கர் வெயிட்டு குதிக்கும்.
"மூணாவது விசில்" என்பேன்.
அவன் காலை எடுக்கமாட்டான்.

ஒத்தக்கடை பங்கில்
கழுத்துவரை நிரப்பச் சொன்னேன்.
"வழியுதுக்கா, போதும்" என்றான் பையன்.
விராலிமலையில் மறுபடி கழுத்துவரை.
நோட்டில் இருக்கிறது:
போன வாரம் எண்பத்தைந்தில் போனது,
நூறு கிலோமீட்டர், பன்னிரண்டரை லிட்டர்.
இந்த வாரம் அறுபதில் நான் ஓட்டியது,
அதே நூறு, பத்து.

"அரைமணி மிச்சம் பண்ணினேனே,
அது உன் நோட்டில் ஏறாதா?"
ஏறியிருக்கிறது.
அந்த அரைமணி
மயில் வரும் மயில் வரும் என்று
மலையடியில் நின்றாய்.
இரண்டு டீ, முப்பது ரூபாய்.
மயில் வரவில்லை.

மெதுவாய்ப் போனால் போதும் என்றும் இல்லை.
சிம்மக்கல்லில் ஒரு சனிக்கிழமை
இரண்டாம் கியரில் ஊர்ந்தபோது
லிட்டருக்கு ஐந்துகூடத் தேறவில்லை.
ஆட்டோக்கள் எங்கள் வீட்டை
வாசல்படிவரை உரசிப் போயின.

வைக்கோல் லாரிக்குப் பின்னால் பதுங்கிப் போனால்
காற்றை அவன் வாங்கிக்கொள்வான் என்று
கொட்டாம்பட்டிவரை ஒட்டிக்கொண்டே போனான் ஒருநாள்.
எவ்வளவு மிஞ்சியது என்று தெரியாது.
ரேடியேட்டரில் இருந்து
ஒரு மாட்டுக்கு ஒருவேளை எடுத்தோம்.

ஆடியில் தேனிக்குப் போகையில்
ஆண்டிபட்டிக் கணவாய் எதிரே நின்றது.
நாங்கள் அறுபது, காற்று நாற்பது.
வண்டிக்கு அது நூறு.
முள்ளுக்கு மட்டும் தெரியாது.
திரும்பி வரும்போது அதே காற்று
முதுகில் கைவைத்துத் தள்ளிக்கொண்டு வந்தது.
பதிமூன்று கொடுத்தது.
தன் ஓட்டுதல் என்றான் ஒச்சப்பன்.
எதிர்த்துப் பேசவில்லை,
பதிமூன்றை இரண்டு தரம் அடிக்கோடிட்டேன்.

போன சித்திரையில் ஓர் இரவு
நாகமலை ஓரம் நிறுத்தியிருந்தோம்.
ஏசிக்காக எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது.
அவன் தம்பிக்குச் சொல்லாமல் கொடுத்த
முப்பதாயிரத்தில் தொடங்கி
கல்யாணப் பந்தியில் என் சித்தப்பாவுக்கு
இலை போடாததுவரை போய்விட்டோம்.
எவ்வளவு வேகம் என்று சொல்ல
ஒரு பாத்திரமும் அசையவில்லை.

விடியப் பார்த்தபோது எழுதினேன்.
கிலோமீட்டர்: பூஜ்யம்.
லிட்டர்: ஏழு இருக்கலாம்.
மூன்றாம் கட்டத்தில் வரவேண்டியது
எனக்குத் தெரியும்.
பேனாவை வைத்துக்கொண்டே இருந்தேன்.

ஒச்சப்பன் எட்டிப் பார்த்தான்.
முன்னால் போய்ச் சாவியைத் திருப்பினான்.
திடீரென்று நாய்கள் குரைப்பது கேட்டது,
நாலுவழிச்சாலையில் யாரோ நூறில் போவது கேட்டது.
ஜன்னலைத் திறந்துவிட்டு வந்து படுத்தான்.
கொசு வந்தது.
"காத்தே இல்லையே" என்றான்.

எண்பத்தைந்தில் எதிரே வந்து
முட்டிக்கொண்டு நின்றதே, அதுதான்
என்றேன்.
சிரித்தானா என்று இருட்டில் தெரியவில்லை.
கட்டில் லேசாகக் குலுங்கியது.